எலும்புக்குள் திருவுளச்சீட்டு

"யார் செய்த பாவமோ, இந்தப் பச்சைப் பிள்ளையின் தலையில் வந்து விடிந்ததே!" நமது தெருக்களில் இந்த வார்த்தை எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! இரக்கத்தோடு சொல்லப்படும் வார்த்தைதான். சொல்லுகிறவர்களும் கெட்டவர்கள் அல்லர். ஆயினும் நோயுற்ற குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாயின் காதில் அது எப்படி விழும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று இரவு அவள் தூங்கமாட்டாள். தன் வாழ்நாளின் ஒவ்வொரு நாளையும் புரட்டிப் பார்ப்பாள். எந்த நேர்ச்சை தவறிப்போயிற்று, எந்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, மாமியாரை எப்போது எதிர்த்துப் பேசினோம் என்று விடியும்வரை தேடிக்கொண்டிருப்பாள்.

இரத்தப் புற்றுநோய் கண்ட மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் வீட்டை நான் அறிவேன். ஊரும் பேரும் வேண்டாம். நோயைவிட அந்த வீட்டாரை அதிகமாய் வாட்டியது உறவினரின் பேச்சு. பிள்ளையின் அத்தைக்கு நிச்சயமாகியிருந்த கலியாணம் நின்றுபோயிற்று. "சாபம் உள்ள குடும்பம்" என்று மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொன்னார்களாம். அவர்களும் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்களே. கடைசியில் பிள்ளையின் தாய் என்னிடம் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சாமி, இது சர்வேசுரன் கொடுத்த தண்டனையா, இல்லை, சும்மா வந்ததா?"

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால், "சும்மா வந்தது" என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்கு நம் எலும்புகளுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சரீர சாஸ்திரம் பங்குப் பத்திரிகைக்கு எதற்கு என்று யாரும் முகம் சுளிக்கவேண்டாம். சிருஷ்டிப் பொருள்களைப் பற்றித் தவறாக எண்ணுகிறவன் சிருஷ்டிகரைப் பற்றியும் தவறாக எண்ணுவான் என்பது வேதபாரகராகிய அர்ச். தோமாஸ் அக்குவீனாஸின் கருத்து. நம் விஷயத்தில் அது முழுக்க உண்மை என்று போகப்போகத் தெரியும்.

கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்குகிறவர்களுக்கு எலும்பின் உள்ளே மெத்தென்று ஒரு பொருள் இருப்பது தெரியும். அதற்கு மஜ்ஜை என்று பெயர். வளர்ந்த மனிதனுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றிலுள்ள சிவந்த மஜ்ஜையில்தான் பெரும்பாலும் இரத்தம் உற்பத்தியாகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கே புதிதாகப் பிறக்கின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களும், காயத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் அங்கேதான் உருவாகின்றன.

உருவத்திலும் வேலையிலும் இத்தனை வேறுபாடுள்ள அணுக்கள் எல்லாம் ஒரே குலத்தில் பிறந்தவை என்று 1909-ஆம் ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானி அலெக்ஸாண்டர் மாக்சிமோவ் கூறினார். அந்த மூதாதையைத்தான் மூல அணு என்கிறோம். ஸ்டெம் செல் என்று டாக்டர்கள் சொல்லுவது இதுவே. மாக்சிமோவ் கூறியதைச் சோதனையால் நிலைநாட்ட ஐம்பது வருஷங்களுக்கு மேல் சென்றது. கனடா நாட்டின் டொரொன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கலக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஊசி மூலம் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கலக் ஆய்வுக்கூடத்துக்குப் போய் எலிகளைப் பார்த்தபோது, அவற்றின் மண்ணீரலில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. (ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்தாரே என்று நான் அவரைக் கண்டிக்கப் போவதில்லை. எலிகள் கடன் திருநாள் பார்ப்பதில்லை.) அதை 1961-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கொப்புளமும் ஒரே ஒரு அணுவின் சந்ததி என்பது 1963-இல் தெளிவாயிற்று.

அதற்கு அடுத்த வருஷம் அவர்கள் கண்டதுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. கொப்புளங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மூல அணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணினார்கள். ஒன்றில் ஏராளம், மற்றொன்றில் மிகச் சில, வேறொன்றில் ஒன்றுமேயில்லை. தாயைப் போலவே மூல அணுவாய் இருந்துவிடுவதா, அல்லது தொழில் படித்த அணுவாக இறங்கிப்போவதா என்பதில் தனித்தனி அணுவைப் பார்த்தால் ஒழுங்கே காணோம்; தாயக்கட்டை உருட்டியது போல் இருக்கிறது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தாலோ தவறாத ஒரு கணக்கு இருக்கிறது. பிற்காலத்தில் வந்தவர்கள், உடலின் தேவையும் அணுக்களை ஏவுகிறது என்று காட்டினார்கள். பிராணவாயு குறைந்தால், சிறுநீரகம் ஒரு இரசத்தைச் சுரந்து, சிவப்பணு வேண்டுமென்று மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புகிறது. ஆக, கட்டளையும் உண்டு, தற்செயலும் உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை நடக்கிறது.

மூல அணு பெரும்பாலும் உறங்கிக்கிடக்கும். எப்போதாவது விழித்துப் பிளவுபடும். அதன் மக்களில் ஒன்று கீழே இறங்கத் தொடங்கினால், பாதை கிளை கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையில் சிவப்பணுவும் தட்டணுவும் கிருமிகளை விழுங்கும் அணுக்களும். மற்றொரு கிளையில் லிம்போசைட் என்னும் நிணநீர் அணுக்கள். ஒவ்வொரு பிரிவைத் தாண்டும்போதும் பின்னாலுள்ள கதவு சாத்தப்படுகிறது. எல்லாமாக ஆகக்கூடியது ஏதோ ஒன்றாக ஆகிறது. குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் படித்தவர்கள் இதைக் கேட்டால் அரிஸ்டாட்டிலை நினைத்துக்கொள்வார்கள். அந்த வழியாய் இப்போது நாம் போகவேண்டாம்.

நிணநீர் அணுக்களின் கிளையில்தான் அதிசயம் இருக்கிறது. கிருமி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். அந்த வடிவத்தைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பொருந்தும் சாவி நிணநீர் அணுவின் மேல் இருக்கவேண்டும். உலகத்திலுள்ள பூட்டுகளோ எண்ணில் அடங்காதவை. நமது சரீரத்துக்குரிய ஜீன்களோ மொத்தம் சுமார் 20,000. இத்தனை குறைந்த சொத்தை வைத்துக்கொண்டு இத்தனை சாவிகள் செய்வது எப்படி?

இதற்கு விடை கண்டவர் ஜப்பானியரான சுசுமு டோனெகாவா. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் அவர் செய்த ஆராய்ச்சி 1976-இல் வெளிவந்தது. 1987-இல் நோபல் பரிசு பெற்றது. இளம் நிணநீர் அணுவுக்குள் ஒரு கத்தரிக்கோல் வேலை நடக்கிறது. ஒருவகைப் புரதம்தான் அந்தக் கத்தரிக்கோல். சாவிக்குரிய ஜீன் முழுதாக இல்லை; துண்டு துண்டாகக் கிடக்கிறது. முதல் வகைத் துண்டுகள் சுமார் 40, இரண்டாம் வகை 23, மூன்றாம் வகை 6. வகைக்கு ஒன்றாகச் சீட்டெடுத்து, அந்த மூன்றையும் ஒட்டி, நடுவிலுள்ளதை வெட்டியெறிந்துவிடுகிறது அணு. இதிலேயே 5,520 விதம் ஆயிற்று. சாவியின் மறு பாதிக்கும் இப்படியே சீட்டு. இரண்டையும் பெருக்கினால் பதினேழு லட்சத்துக்கு மேல் போகிறது. போதாதென்று, ஒட்டுகிற இடத்தில் கைக்கு வந்த எழுத்துக்களைச் செருகிவிடுவதும் உண்டு. அதனால் விதங்கள் கோடி கோடியாய்ப் பெருகுகின்றன. வெட்டியெறிந்த துண்டு மீண்டும் வராது. அந்த அணுவுக்கும் அதன் சந்ததிக்கும் அதுவே சாவி.

கவனியுங்கள்: எந்தக் கிருமியையும் பார்த்து இந்தச் சாவி செய்யப்படவில்லை. கிருமி வருமுன்னரே கண்ணை மூடிக்கொண்டு சீட்டெடுத்துச் செய்தது. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மேதை (இரத்தத்தில் ஏ, பி, ஓ பிரிவுகளைக் கண்டவர் இவரே) ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் செய்த இரசாயனப் பொருள்களை மிருகங்களுக்கு ஏற்றிப் பார்த்தார். உலகம் உண்டான நாள் முதல் இல்லாதிருந்த அந்தப் பொருள்களுக்கும் மிருகத்தின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றிற்று! இல்லாத பூட்டுக்கும் சாவி இருந்தது. 2019-ஆம் ஆண்டின் கடைசியில் சீனாவின் வூகான் நகரில் கொரோனா தலைகாட்டியபோது, மனித குலம் அதை அதற்குமுன் கண்டதேயில்லை. ஆனாலும் அதற்குப் பொருந்தும் அணுக்கள் முன்னமே நம் இரத்தத்தில் திரிந்துகொண்டிருந்தன. பிழைத்தவர்கள் அதனால் பிழைத்தார்கள். தடுப்பூசி வேலை செய்ததும் அதனாலேதான்.

கண்மூடி எடுத்த சீட்டில் நம் சொந்த உடலையே தாக்கும் சாவிகளும் வரத்தானே செய்யும்? வருகின்றன. அதற்காகப் பரீட்சை உண்டு. டி அணுக்கள் என்னும் ஒரு வகுப்பார் மஜ்ஜையைவிட்டுப் புறப்பட்டு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருதயத்துக்கு மேலே உள்ள தைமஸ் என்னும் சுரப்பிக்குப் போய்ச் சேருகிறார்கள். இந்தச் சுரப்பியின் உபயோகத்தை 1961-இல் ஜாக் மில்லர் என்பவர் கண்டுபிடிக்கும்வரையில், அது வேலையற்ற உறுப்பு என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஒன்றுக்கும் உதவாத சாவியுள்ள அணுவும், சொந்த உடலைக் கடிக்கும் அணுவும் அங்கே மடிகின்றன. உள்ளே போகிற 100-ல் 95-க்கு மேல் வெளியே வருவதில்லை. இதைப் படித்ததும் ஊருக்கும் நாட்டுக்கும் பாடம் சொல்லச் சிலர் ஓடுவார்கள். நான் ஓடமாட்டேன். அணு வேறு, அழியாத ஆத்துமமுள்ள மனிதன் வேறு. அணுக்களைக் கழிப்பதுபோல் மனிதரைக் கழிக்கலாம் என்று எண்ணிய அரசுகளை நூறு வருஷங்களுக்குள் உலகம் கண்டிருக்கிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சரீரத்தைக் காக்கும் ஏற்பாட்டின் நடு மையத்தில் தற்செயல் இருக்கிறது. இது தேவ பராமரிப்புக்கு விரோதமா? தற்செயல் உண்டென்றால் சர்வேசுரன் இல்லையென்று சொல்லும் நாஸ்திகரும் உண்டு. சர்வேசுரன் உண்டாகையால் தற்செயலே இல்லையென்று சொல்லும் விசுவாசிகளும் உண்டு. இருவரும் ஒரே தப்பெண்ணத்தின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

எழுநூறு வருஷங்களுக்கு முன்னரே அர்ச். தோமாஸ் இதைத் தெளிவாக்கியிருக்கிறார். தேவ பராமரிப்பு உலகத்திலிருந்து தற்செயலை நீக்கிவிடுவதில்லை என்று நிரூபிப்பதற்கென்றே தமது நூலொன்றில் ஓர் அதிகாரம் எழுதினார். தவறாமல் நிகழவேண்டியவற்றுக்குத் தவறாத காரணங்களையும், நிகழலாம் நிகழாமலும் போகலாம் என்பவற்றுக்கு அத்தகைய காரணங்களையும் சர்வேசுரனே ஏற்படுத்தியிருக்கிறார் என்பது அவர் போதனை. அதற்கு அவர் காட்டும் உவமை எளிது. எஜமான் ஒருவன் ஒரே இடத்துக்கு இரண்டு ஊழியரைத் தனித்தனியே அனுப்புகிறான். ஒருவன் போவது மற்றவனுக்குத் தெரியாது. சந்தித்ததும் இருவரும் ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் வரையில் அது தற்செயலே. எஜமான் அறியாததன்று.

நம் தமிழில் இதற்கு ஓர் அருமையான சொல் இருக்கிறது. பாகப்பிரிவினையில் எந்த வயல் யாருக்கு என்று முடிவாகாதபோது சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். அதற்குப் பெயர் குருட்டுச் சீட்டு அன்று, திருவுளச்சீட்டு. யூதாஸின் இடத்துக்கு மத்தியாஸை அப்போஸ்தலர்கள் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தான். சீட்டு உண்மையான சீட்டே. யாரும் உள்ளே கையை விட்டுத் திருப்பவில்லை. அப்படியிருந்தும் அது திருவுளத்துக்குப் புறம்பானதன்று. எலும்புக்குள் நடக்கும் சீட்டும் அப்படியே. கிருமிகள் நாளுக்கு நாள் வேஷம் மாற்றுகின்றன. எழுதிவைத்த ஜாபிதாவைக் கொண்டு அவற்றைத் தடுக்க முயன்றிருந்தால் நாம் எப்போதோ தோற்றிருப்போம். சீட்டெடுப்பதனாலேயே காக்கப்படுகிறோம்.

இனிக் கசப்பான பகுதி. எந்தக் கத்தரிக்கோல் நம்மைக் காக்கிறதோ, அதே கத்தரிக்கோல் சில வேளைகளில் வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிவிடுகிறது. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய், நிணநீர் அணுவாக முதிரவேண்டிய இளம் அணு முதிராமலே பெருகுவதால் உண்டாவது. மேல்நாடுகளில் அவ்வகை நோயாளிக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடத்தில், இரண்டு ஜீன்கள் தவறாகச் சேர்ந்து ஒட்டியிருப்பதைக் காண்கிறார்கள். இந்த முதல் தவறு பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே நேர்ந்துவிடுகிறது. பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 வரை இது உண்டென்று ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. பிறந்தபின் மேலும் தவறுகள் நேர்ந்தால்தான் நோய். அந்தப் பிந்திய தவறுகளைச் செய்வது பெரும்பாலும் நாம் சொன்ன கத்தரிக்கோலே என்று 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

அப்படியானால் அந்தக் கத்தரிக்கோல் இல்லாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றும். அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு நிணநீர் அணுக்களே உருவாவதில்லை. சாதாரணச் சளியும் எமனாகிறது. வேறொருவரின் மூல அணுக்கள் கிடைத்தாலன்றி இரண்டு வயதைத் தாண்டுவது அரிது.

இவ்வளவையும் அந்தத் தாய்க்கு என்னால் இயன்ற எளிய வார்த்தையில் சொன்னேன். அவள் படித்தவள், கூர்மையானவள். கேட்டுவிட்டு, "சாமி, அந்த இரண்டு ஊழியரையும் அனுப்பினது எஜமான்தானே? ரெண்டு பேரும் என் வீட்டு வாசலில் சந்திக்கும்படி ஏன் அனுப்பினார்?" என்றாள்.

இது சிறுபிள்ளைக் கேள்வியன்று. யோப் ஆகமம் முழுவதும் இதுதான் கேள்வி. அதன் கடைசியில் சர்வேசுரன் தோன்றிப் பேசுகிறார். ஆனால் யோபின் துன்பத்துக்குக் காரணம் அவரிடம் சொல்லப்படவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும், நீ பாவம் செய்தாய் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசிய சிநேகிதர்களோ கண்டிக்கப்படுகிறார்கள். சேசுநாதரும் அப்படியே. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் விசாரித்தபோது, இரண்டும் இல்லையென்று மறுத்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட செய்தியில், மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தைத் தள்ளினார். ஆகையால் "ஏன்?" என்ற கேள்வியை அந்தத் தாய் தேவ சந்நிதியில் அழுது கேட்கலாம்; அது அவள் உரிமை. பக்கத்து வீட்டார் அவளுக்குப் பதில் எழுதித்தர வேண்டியதில்லை. "சர்வேசுரன் தமக்குப் பிரியமானவர்களையே சோதிக்கிறார்" என்ற ஆறுதலையும் சுகமாயிருக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கிச் சொல்வது நல்லது. சிலுவையைச் சுமக்கிறவன் அதைச் சொன்னால் விசுவாசம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன் சொன்னால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

ஆனால் அவள் கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது இது தண்டனையா என்பதற்கு, தயங்காமல் பதில் சொல்லலாம். இல்லை. தண்டனை என்பது குற்றவாளியின் மனத்துக்கு விரோதமாய், அவன் செய்த குற்றத்துக்காக விதிக்கப்படுவது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தி விவரம் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கே ஏழு வயது வரையில் காத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை எந்தக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கும்? நோயும் மரணமும் ஜென்மப் பாவத்தால் உலகத்தில் வந்தன என்று ஞானோபதேசத்தில் படித்தோமே என்பீர்கள். படித்தோம். அது ஆதாமின் மக்கள் அனைவருக்கும் பொதுவான நிலை. இந்த வீட்டுக்கென்று தனியாக எழுதிய தீர்ப்பன்று. பெற்றோரின் பாவம் பிள்ளையின் மேல் வந்ததென்பாரா? அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவே எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 18-ஆம் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது. ஒருமுறை எடுத்து வாசியுங்கள்.

ஆகவே "சாபம் உள்ள குடும்பம்" என்று சொன்னவர்கள் எட்டாம் கற்பனைக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொன்னார்கள். ஒரு குடும்பத்துக்கு விரோதமாக மட்டுமன்று, சர்வேசுரனுக்கே விரோதமாக. மூன்று வயதுப் பிள்ளையின் எலும்பில் பழி தீர்த்துக்கொள்ளுகிறவர் என்று அவரைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள் அல்லவா? இதை அற்பப் பாவமென்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை. பரம்பரை நோய் என்று பயந்தார்களோ என்னவோ. இந்நோய் தொற்றுவதன்று, பெரும்பாலும் பரம்பரையாய் வருவதும் அன்று. அண்ணன் பிள்ளைக்கு நோய் வந்ததென்று தங்கையின் கலியாணத்தை நிறுத்துவதற்கு இதில் ஒரு நியாயமும் கிடையாது. உண்மையில் பரம்பரையாய் வரும் நோய்களுக்கும் பாவத்துக்கும் கூடச் சம்பந்தமில்லை.

தற்செயலாக வந்தது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று பொருளன்று. தண்டனை என்றால் அல்லவோ தலைகுனிந்து பொறுத்துக்கொள்ள வேண்டும்? அணுவில் நேர்ந்த தவறு என்றால் திருத்த முயலலாம். பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய குழுவினர் செய்துகொடுத்த மருந்தைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. சில மாதங்களே தணிந்தது என்றாலும், இரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பணியும் என்று உலகம் முதன்முதல் கண்டது 1948-இல் வெளியான அந்த அறிக்கையில்தான். சுப்பாராவ் அதே வருஷம் இறந்துபோனார். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கிறது. நான் சொன்ன தாய் வாரத்துக்கு ஒருமுறை தன் பிள்ளைக்குக் கொடுப்பது அந்த மாத்திரையைத்தான். இந்நோயுள்ள குழந்தைகளில் நல்ல சிகிச்சை கிடைக்கும் தேசங்களில் இப்போது 100-க்கு 90 பேர் வரை பிழைக்கிறார்கள்.

மருந்துக்குப் பணியாத சிலருக்கு மற்றொருவரின் மூல அணுக்கள் வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடந்துவருகிறது. இங்கேயும் ஒரு சீட்டு. கொடுப்பவரின் அணு அடையாளம் வாங்குபவருடையதோடு பொருந்தவேண்டும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரரில் பொருத்தம் நான்குக்கு ஒன்று வீதமே. வீட்டில் பொருந்தாவிடில் வெளியே தேடவேண்டும். உலகமெங்கும் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் கொடுக்கத் தயார் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தாருக்குள் அமைகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு ஜெர்மனியில் தேடுவதைவிடத் தமிழரிடையே தேடுவதில் நம்பிக்கை அதிகம். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி என்னும் நிறுவனம் இத்தகைய பெயர்ப்பட்டியலை வைத்திருக்கிறது. 18 வயது நிரம்பிய ஆரோக்கியமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக் கொடுக்கவேண்டியது கடமையா என்று இளைஞர் சிலர் கேட்டார்கள். கண்டிப்பான கடமை என்று நான் சொல்லமாட்டேன். தன் உடலிலிருந்து ஒன்றைக் கொடுப்பது தானமே தவிர வரி அன்று, யாரையும் நெருக்கக்கூடாது. ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டு, பொருத்தம் கண்டு, நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்து முடித்த பிறகு பின்வாங்குவது வேறு விஷயம். அந்த நிலையில் புது அணு வராவிட்டால் நோயாளி பிழைப்பது அரிது. தானம் செய்ய மனமில்லாதவன் முதலிலேயே இல்லையென்று சொல்லட்டும், அதில் பாவமில்லை. சொன்ன சொல்லை அந்த நேரத்தில் முறிப்பது பாரதூரமான பாவம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத்தான் பயம் அதிகம். எலும்பைத் துளைப்பார்களாமே, உடம்பு பலவீனமாகுமாமே, கலியாணத்துக்கு இடைஞ்சலாகுமே என்கிறார்கள். இந்நாளில் பெரும்பாலும் எலும்பைத் தொடுவதேயில்லை. நாலைந்து நாள் ஊசி போட்டு, மூல அணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு இறங்கிவரச் செய்து, கை நரம்பு வழியாய்ச் சில மணி நேரம் இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். அந்த நாட்களில் எலும்பு வலியும் உடம்பு நோவும் இருக்கும், பிறகு போய்விடும். பிள்ளைப்பேற்றுக்கு இதனால் தடையில்லை. கொடுத்த மூல அணுக்களைச் சில வாரங்களுக்குள் மஜ்ஜை தானே ஈடுசெய்துகொள்கிறது.